வீட்டுக்கார அக்காவின் மூன்று தொட்டிகள்

பெயிண்ட் வாளியின் மூடியைத் திறந்து அதை என் முகத்துக்கு நேராக நீட்டி, "மோந்து பாரு, நாறுதா?" என்று அக்கா கேட்ட அந்தப் பிற்பகல் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் குனிந்தேன். அந்த வாளிக்குள் போனது என்ன என்பது எனக்குத் தெரியும். மாடி அறையில் இருந்த நாங்கள் மூவரும் கழித்துப்போட்ட வெங்காயத் தோல், வாழைப்பழத் தோல், சக்கையான டீத்தூள், நொறுங்கிய முட்டை ஓடு. ஆனால் நாற்றம் இல்லை. கோடை மழையின் முதல் துளிகள் தரையில் விழுந்ததும் ஒரு வாசனை கிளம்புமே, அதுதான் வந்தது. அக்கா கையை உள்ளே விட்டு ஒரு பிடி அள்ளினார். கறுப்பாக, பொலபொலவென்று, விரல்களுக்கு இடையே காப்பித்தூள் போல உதிர்ந்தது. "உங்க குப்பதான்" என்று சிரித்தார். "நீங்க கீழ கொட்டுனத்த நான் மேல ஏத்திகினேன். அவ்ளோதான்."

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரகடத்துக்கு வேலைக்கு வந்து, முதலில் விடுதி, பிறகு இன்னொரு விடுதி என்று அலைந்து, கடைசியில் வடக்குப்பட்டில் அக்காவின் வீட்டு மாடி அறைக்கு நான் குடிவந்திருந்தேன். காருக்கு ஒயரிங் செய்யும் கம்பெனியில் தரச் சோதனைப் பிரிவில் வேலை. என்னோடு தங்கியிருந்த இரண்டு பெண்களும் வேறு வேறு ஷிப்டில் இருந்ததால் மூவரும் ஒன்றாக விழித்திருக்கும் நேரமே குறைவு. ஆகவே அந்த ஊரில் நான் அதிகம் பேசியது வீட்டுக்கார அக்காவிடம்தான். அவருக்கு ஐம்பது வயது இருக்கும். கணவர் மாரடைப்பில் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. வல்லம் வடகாலில் ஒரு கம்பெனி கேன்டீனில் காய் நறுக்கும் வேலை. காலையில் கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும், மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்ததும் திரும்பக் கொண்டுவந்து விடும். அப்படித் திரும்பும்போது அவர் கையில் எப்போதும் ஒரு பை இருக்கும். கேன்டீனில் கழித்த முட்டைக்கோஸ் இலைகளும் கேரட் தோலும் அதில் பிதுங்கிக்கொண்டிருக்கும்.

மொட்டை மாடியில் செடி வளர்க்கும் பைத்தியம் அவருக்குப் பரம்பரையாக வந்தது அல்ல. செல்போனில் வீடியோ பார்த்துப் பிடித்துக்கொண்டது. கணவர் போன பிறகு பொழுது போகாமல் பார்க்கத் தொடங்கியவர், யாரோ ஒரு பெண் மாடியில் பூசணி காய்க்க வைத்ததைப் பார்த்துவிட்டுத் தானும் இறங்கியிருக்கிறார். முதல் வருடம் வைத்ததெல்லாம் அழுகிப் போயிற்றாம். ரோட்டோரம் கொட்டிக் கிடந்த களிமண்ணை அப்படியே தொட்டியில் அமுக்கி, காலை மாலை தண்ணீர் ஊற்றியிருக்கிறார். "சிமெண்டு மாரி ஆய்டுச்சும்மா. வேரு மூச்சு வுட எடமில்ல. மேல பச்சையா நின்னுகினே அடியில செத்துப் போச்சு" என்று அதைச் சொல்லும்போது இன்னமும் வருத்தப்படுவார்.

அதன் பிறகு அவர் மண்ணை அடுக்க ஆரம்பித்தார். அந்த அடுக்குதலை நான் வாரவிடுமுறை நாட்களில் பலமுறை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அடியில் இருக்கும் துளையை அடைக்காதபடி உடைந்த ஓட்டுச் சில்லுகளைக் கவிழ்த்து வைப்பார். அதன் மேல் பிய்த்துப்போட்ட தேங்காய் நார். அதற்கு மேல் செம்மண்ணும் கொஞ்சம் மணலும் கலந்து ஒரு கை உயரம். பிறகு வாளியிலிருந்து மக்கிய எரு. மறுபடி மண், மறுபடி எரு. எல்லாவற்றுக்கும் மேலே காய்ந்த இலைகளை நொறுக்கி, குழந்தைக்குப் போர்த்துவது போலப் பரப்பிவிடுவார். எதையும் அமுக்க மாட்டார். தொட்டியை இரண்டு பக்கமும் பிடித்து மெல்லத் தரையில் தட்டுவார், மண் தானாக இறங்கிக்கொள்ளும். "சோத்து மேல கொழம்பு ஊத்துற மாரி எருவை மேல மட்டும் போட்டா ஆவாது. வேரு எறங்க எறங்க அதுக்கு எதுனா கெடைக்கணும் இல்ல?" என்பார். கத்தரி, மிளகாய், தக்காளி, ஓரத்தில் துலுக்கச் சாமந்தி. எதிரே தொழிற்சாலைக் கூரைகள் வெயிலில் தகதகக்கும். ஒரகடம் சாலையில் கார்களை அடுக்கிய நீண்ட டிரெய்லர்கள் போய்க்கொண்டே இருக்கும். அக்காவின் கண் அந்தப் பக்கம் போய் நான் பார்த்ததில்லை.

அவருக்கு ஒரே மகன். நான் குடிவந்தபோது அவன் வீட்டை விட்டு வெளியே வருவதை நிறுத்தியிருந்தான். ஐ.டி.ஐ. படித்துவிட்டு, கார்களுக்குத் தகடு அடித்துக் கொடுக்கும் ஒரு சிறிய ஷெட்டில் பிரஸ் மிஷினில் நின்றிருக்கிறான். ஒப்பந்தத் தொழிலாளி. ஒரு நாள் அந்த மிஷின் தன் போக்கில் இறங்கிவிட்டது. வலது கையில் சுட்டுவிரலும் நடுவிரலும் போய்விட்டன. சில வாரங்கள் ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்தார்கள், பிறகு ஒப்பந்தம் முடிந்தது என்றார்கள். அதற்குப் பின் அவன் வேலை கேட்டுப் போன இடத்தில் எல்லாம் முதலில் கையைத்தான் காட்டச் சொன்னார்கள். காலப்போக்கில் அவன் கேட்கப் போவதை விட்டுவிட்டான். வலி மட்டும் போகவில்லை. இல்லாத விரல்களில் வலி எடுக்கும் என்று அக்கா சொன்னபோது எனக்கு முதலில் புரியவில்லை. "நெசமாத்தான்மா. போன வெரலு எரியுதுன்னு அழுவான். எந்த எடத்துல தைலம் தேய்க்கறது, நீயே சொல்லு?"

நான் படியேறும்போது சில நேரம் அவன் கீழ்வீட்டுச் சன்னலோரம் தெரிவான். "என்ன தம்பி, சாப்பிட்டியா?" என்றால் தலையை மட்டும் அசைப்பான். அக்காவிடமும் அவ்வளவுதான் பேச்சு. தட்டை வைத்தால் சாப்பிடுவான், எடுத்தால் விட்டுவிடுவான். சில நாள் மாலையில் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டு, கண் சிவந்து வந்து படுத்துக்கொள்வான். அந்தச் சுற்றுவட்டாரத்தில் கம்பெனி மதிலுக்குப் பின்னால் என்னென்ன கிடைக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். யாரும் யாரிடமும் சொல்வதில்லை.

அப்படி இருந்தவன்தான் ஒரு நாள் மூன்று தயிர் டப்பாக்களை ஒரு அட்டைப்பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறி வந்தான். நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு டப்பாவிலும் விரல் நீளத்துக்கு ஒரு நாற்று. இலை ஓரமெல்லாம் ரம்பப்பல்.

"இன்னாடா இது?" என்றார் அக்கா.

"மூலிகம்மா. ஃப்ரெண்டு குடுத்தான். வலிக்கு நல்லதாம். இதுக்கு நல்லதா தொட்டி வெச்சுக் குடு."

அம்மாவிடம் அவன் எதையும் கேட்டுப் பல மாதங்கள் ஆகியிருந்தன. அக்கா அந்த நாற்றுகளைப் பார்க்கவே இல்லை, அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பரபரவென்று எழுந்து, வாழைக்கன்றுக்கு என்று வாங்கி வைத்திருந்த மூன்று பெரிய தொட்டிகளை இழுத்துப் போட்டார். அன்றைக்கு அடுக்கியதுபோல அவர் எதற்கும் அடுக்கி நான் பார்த்ததில்லை. செம்மண்ணைச் சலித்தார். ஏரியிலிருந்து டிராக்டர்காரர் கொண்டுவந்து போட்டிருந்த வண்டலை மகனையே உடைக்கச் சொன்னார். அவன் முதலில் இடது கையால் உடைத்தான். பிறகு தன்னை மறந்து வலது கையையும் மண்ணுக்குள் விட்டான். கட்டைவிரலுக்கும் மிச்சமிருந்த இரண்டு விரலுக்கும் நடுவே மண்கட்டி நசுங்கித் தூளானது. அக்கா அதைப் பார்த்ததை நான் பார்த்தேன்.

அந்தச் செடிகள் ஓங்கி வளர்ந்தன. தண்ணீர் ஊற்றும் சாக்கில் மகன் தினமும் மாடிக்கு வர ஆரம்பித்தான். தண்ணீர் ஊற்ற வந்தவன் மிளகாய்ச் செடியில் பூச்சி பார்த்தான், தக்காளிக்குக் குச்சி நட்டான், அம்மாவோடு பேசினான். ஷிப்டு முடிந்து நான் பிற்பகலில் வரும்போது மேலேயிருந்து இருவரின் குரலும் கேட்கும். ஒரு நாள் இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எதற்கு என்று தெரியாது. படிக்கட்டில் நின்று அதைக் கேட்டபோது என் வீட்டில் ஏதோ நல்லது நடந்ததுபோல எனக்கு மனம் நிறைந்துவிட்டது. வெளியே போய்க் கண் சிவந்து வருவதும் அந்த நாட்களில் குறைந்திருந்தது.

எங்கள் கம்பெனியில் போதைப்பொருளுக்கு எதிராக உறுதிமொழி எடுக்கச் சொல்வார்கள். கேன்டீனுக்கு வெளியே எல்லோரையும் வரிசையில் நிற்கவைத்து, மனிதவளத் துறை அலுவலர் வாசிக்க, நாங்கள் கையை நீட்டித் திரும்பச் சொல்லுவோம். அந்த முறை கேன்டீன் உள்சுவரில் ஒரு பெரிய படமும் ஒட்டியிருந்தார்கள். தட்டோடு சாப்பிட உட்கார்ந்தவள் நிமிர்ந்து பார்த்தேன். கைவிரல்களை விரித்ததுபோல் ஓர் இலை. ஓரமெல்லாம் ரம்பப்பல். எத்தனையோ நாள் அந்தச் செடிகளுக்குப் பக்கத்தில் என் துணிகளை உலர்த்தியிருக்கிறேன். துலுக்கச் சாமந்தி இலையும் கிட்டத்தட்ட அப்படித்தானே இருக்கிறது என்று மனம் சமாதானம் தேடியது. தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தேன்.

அக்காவிடம் சொல்லாமல் இருக்க முடியாது என்று தெரிந்தது. சொன்னால் அந்தச் சிரிப்பு என்ன ஆகும் என்பதும் தெரிந்தது. இரண்டு நாள் அவர் கண்ணில் படாமல் படியேறினேன். வாரவிடுமுறையன்று அவரே கூப்பிட்டார், எரு சலிக்க ஒரு கை பிடிக்கச் சொல்லி. சல்லடையின் ஒரு பக்கத்தை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். மகன் கீழே தூங்கிக்கொண்டிருந்தான்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். தப்பா நினைக்கக் கூடாது" என்றேன். "அந்த மூணு செடியும் மூலிகை இல்லக்கா. அது..."

"கஞ்சா" என்றார் அக்கா. சல்லடை நிற்கவில்லை.

நான் திரும்பி அந்த மூன்று தொட்டிகளையும் பார்த்தேன்.

"அவன் சட்டையத் தோய்க்கிறவ நானு. எனக்குத் தெரியாதா அந்த வாசன? செடி வளந்து நாலு எல வுட்டதுமே தெரிஞ்சு போச்சு."

"தெரிஞ்சுமா வச்சிருக்கீக? போலீசு பிடிச்சா செயிலுதான்க்கா."

அக்கா சல்லடையைக் கீழே வைத்தார். கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டார். கோபமாகப் பேசுவார் என்று நினைத்தேன். அவர் மெதுவாகத்தான் பேசினார். தாம்பரம் தாண்டி ஒரு மறுவாழ்வு மையத்தில் மகனைச் சேர்த்தது, ஒரு வாரம் கழித்துப் பார்க்கப் போனபோது முதுகில் தடிப்பு இருந்தது, "அம்மா இட்டுகினு போய்டும்மா" என்று காலைப் பிடித்தது. அரசு ஆஸ்பத்திரியில் வலிக்குக் கொடுத்த மாத்திரையைத் தின்றால் நாளெல்லாம் வாந்தி எடுத்தது. ஒருமுறை மாத்திரைகளை மொத்தமாக எண்ணிக்கொண்டிருந்தவன் கையிலிருந்து தான் பிடுங்கியது. இதையெல்லாம் யாரிடமும் சொன்னதில்லை என்றார்.

"வெளிய போனா எவன் எவனோ கூட நிக்கறான். அவனுங்க குடுக்கறது இன்னா கலப்போ. இங்க என் கண்ணு முன்னாடி நிக்குது. அவனும் என் கண்ணு முன்னாடி நிக்கறான். என்கிட்ட பேசறாம்மா. தப்புன்னு தெரியுது. நான் இன்னா பண்ணட்டும், நீயே சொல்லு."

அவர் வெறுமனே கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு பதிலுக்காகக் காத்திருந்தார். எனக்குத் தெரிந்த மருத்துவர் இல்லை, வக்கீல் இல்லை, அந்த ஊரில் எனக்கு அவரை விட்டால் யாருமே இல்லை. "பிடுங்கிப் போட்டுருங்கக்கா" என்று மட்டும் சொன்னேன். அதைச் சொல்வது எவ்வளவு எளிது என்று சொல்லும்போதே தெரிந்தது.

ஆனால் அவர் அதை மனத்தில் வைத்திருந்திருக்கிறார். பிடுங்கினால் மகனுக்குத் தெரிந்துவிடும், தானாகச் செத்ததுபோல இருக்க வேண்டும் என்று ஒரு நாள் காலை வேனுக்குப் போகும் முன் கல்லுப்பைக் கரைத்து மூன்று தொட்டியிலும் ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார். மறுநாளே இலைகள் தொங்க ஆரம்பித்தன. நான் மாலையில் துணி எடுக்கப் போனபோது மகன் தொட்டிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்திருந்தான். மண்ணைக் கிளறி முகர்ந்து பார்த்தான். இலையைத் தூக்கிப் பிடித்தான், விட்டதும் அது மறுபடி தொங்கியது. "நான் எதத் தொட்டாலும் இப்டித்தாங்க்கா" என்றான் என்னிடம். அதற்குப் பிறகு அவன் கீழே போய்ப் படுத்துக்கொண்டான். சாப்பிடவில்லை. மறுநாளும் சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவன் அம்மா தொட்டு எழுப்பியும் திரும்பவில்லை. பழைய நாட்கள் திரும்பி வந்துவிட்டன, முன்னைவிட மோசமாக.

அன்று அக்கா கேன்டீன் வேலைக்குப் போகவில்லை. நான் இரண்டாவது ஷிப்டுக்குக் கிளம்பும் நேரம். மேலே தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டு ஏறிப் பார்த்தேன். அவர் அந்தத் தொட்டிகளில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அடித்துளையிலிருந்து கலங்கலாக வழிந்து மாடி முழுக்க ஓடியது. அவர் புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது. மண்ணில் நாக்கை வைத்துப் பார்ப்பார், இன்னும் கரிக்கிறது என்று மறுபடி ஊற்றுவார். பிறகு செடிகளை வேரோடு மெல்லத் தூக்கி, ஈரத்துணியில் சுற்றி நிழலில் படுக்கவைத்துவிட்டு, தொட்டிகளைக் கவிழ்த்துக் கழுவினார். ஓட்டுச் சில்லு, நார், மண், எரு, மறுபடி மண். முதலிலிருந்து எல்லாம். வாளியின் அடியில் தை மாதக் கத்தரிக்கென்று சேர்த்து வைத்திருந்த எருவையும் வழித்துப் போட்டார். அழுதுகொண்டே செய்தார். முகத்தைத் துடைக்கவில்லை, கையெல்லாம் மண்ணாக இருந்ததால்.

"கொல்லவும் வக்கில்ல, வுடவும் வக்கில்ல எனக்கு" என்றார் என்னைப் பார்த்து. எனக்கு வேனுக்கு நேரமாகியிருந்தது. வேன் ஓட்டுநர் கீழே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். ஒரு செடியை அவர் தொட்டியில் இறக்கும்வரை தண்டைப் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான் என்னால் செய்ய முடிந்தது.

மூன்றும் பிழைத்துக்கொண்டன. மகனும் எழுந்து சாப்பிட்டான்.

போலீஸ் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பெருஞ்சாலை டீக்கடை அருகே யாரோ ஒரு பையனைப் பிடித்திருக்கிறார்கள், அவன் வாயிலிருந்து இந்த வீடு வந்திருக்கிறது. சாதாரண உடையில் இரண்டு பேர், சீருடையில் ஒரு பெண் காவலர், அவர்களோடு வயதான எஸ்.ஐ. ஒருவர். நேராகப் படியேறினார்கள். அறையில் தனியாக இருந்த நானும் சத்தம் கேட்டுப் பின்னால் போனேன். மேலே அம்மாவும் மகனும் மிளகாய் பறித்துக்கொண்டிருந்தார்கள்.

எஸ்.ஐ. மூன்று தொட்டிகளுக்கு முன்னால் நின்றார். "இது யாரு வெச்சது?"

மகன் வாயைத் திறக்கும் முன்பே அக்கா, "நான்தாங்க" என்றார்.

"இன்னா செடின்னு தெரியுமாம்மா உனக்கு?"

"தெரியுங்க. மண்ணு போட்டது நானு, எரு போட்டது நானு, தண்ணி ஊத்துனது நானு. செடி என்னுதுங்க."

எஸ்.ஐ.க்கு நம்பிக்கை வரவில்லை. அவர் மகனைப் பார்த்தார். மகனின் வலது கை முதுகுக்குப் பின்னால் போயிருந்தது. "நீ சொல்லுப்பா. அம்மாவோடதா இது?"

கீழே தெருவில் ஒருவன் கோலமாவு விற்றுக்கொண்டு போனான். மகனின் உதடுகள் இரண்டு முறை அசைந்தன. பிறகு அவன், "எனக்கு ஒண்ணும் தெரியாது சார்" என்றான்.

நான் அக்காவைப் பார்த்தேன். அந்த முகத்தில் அடிபட்ட தடம் இருக்கும் என்று பயந்துதான் பார்த்தேன். ஆனால் அங்கே இருந்தது நிம்மதி. பெரிய பாரத்தை யாரோ ஒரு பக்கம் பிடித்து இறக்கிவைத்ததுபோல அவர் மூச்சு விட்டார். "பாத்தீங்களா? அவனுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. கை அடிபட்ட புள்ள. வூட்டுலயே கெடக்கறான்" என்றார். எஸ்.ஐ. என் பக்கம் திரும்பியபோது, "அது மாடில வாடகைக்கு கீற பொண்ணு. ஷிப்டுக்குப் போயி வந்து தூங்கிடும்" என்று அதையும் அவரே முடித்துவிட்டார். சொல்லும்போது என்னைப் பார்த்த பார்வையில், வாயைத் திறந்துவிடாதே என்று இருந்தது.

ஒரு காவலர் செடியின் தண்டைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. தொட்டியோடு தூக்கிக் கவிழ்த்தார். தொட்டியின் வடிவத்திலேயே மண் கழன்று வந்தது. வெள்ளை வேர்கள் ஒவ்வொரு அடுக்கையும் கடந்து இறங்கி, அடியில் கிடந்த ஓட்டுச் சில்லுகளைப் பிடித்துக்கொண்டிருந்தன. அக்காவைப் பக்கத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். கொஞ்சம் நிமிர்ந்து பாரும்மா என்றார் பெண் காவலர். அவர் நிமிர்ந்தார். இறங்கும்போது படியில் நின்று மகனிடம், "கேஸ் அடுப்பு மேல கொழம்பு கீது, சூடு பண்ணிக்கோ" என்றார்.

அவரை ரிமாண்டு செய்தார்கள். நான் விடுப்பு எடுத்துக்கொண்டு புழல் சிறைக்கு ஒருமுறை போய்ப் பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து அவர் கேட்டது எல்லாம் மகன் சாப்பிடுகிறானா என்பதுதான். சாப்பிடுகிறான் என்று சொன்னேன். உண்மையில் அந்த வீட்டில் அவன் அதிக நாள் இருக்கவில்லை. முதல் சில நாட்கள் சன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கிடந்தான். நான் கொண்டுபோய் வைத்த தட்டை ஒரு நாள் எடுத்தான், ஒரு நாள் எடுக்கவில்லை. பிறகு ஒரு காலையில் கதவு வெளியே பூட்டியிருந்தது. சாவியை என் அறைக் கதவின் நாதாங்கியில் மாட்டிவிட்டுப் போயிருந்தான். போன் அணைக்கப்பட்டிருந்தது.

சில வாரங்களில் அக்காவுக்கு ஜாமீன் கிடைத்தது. கூட்டிக்கொண்டு வரப் போனது நான்தான். வழியெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்து, வீட்டுக் கதவைத் திறக்கும்போதுதான் சொன்னேன். அவர் உள்ளே போய், அவன் படுக்கும் பாயை ஒருமுறை பார்த்தார். அதை உதறிச் சுருட்டி மூலையில் சாத்தினார். அழவில்லை. "சட்ட எடுத்துகினு போனானா?" என்று மட்டும் கேட்டார். கேன்டீனில் மறுபடி சேர்த்துக்கொள்ளவில்லை. கையெழுத்துப் போட அடிக்கடி காவல் நிலையம் போனார். போகும்போதெல்லாம் அவரிடம், "பையன் எங்க?" என்று கேட்டார்கள். அந்த எஸ்.ஐ.யைப் போலவே அங்கே யாருக்கும் செடி அவருடையது என்பதில் முழு நம்பிக்கை இல்லை. அவர் தெரியாது என்றார். அது உண்மையாக இருந்தது.

நான் இப்போது திருமணமாகி மறைமலை நகரில் இருக்கிறேன். வேலையும் அந்தப் பக்கமே. அக்காவின் வழக்கு இன்னும் முடியவில்லை. வாய்தா இருக்கும் நாட்களில் முடிந்தவரை நானும் போகிறேன். அவருக்குத் துணைக்கு வர வேறு யாரும் இல்லை. போய் என்ன செய்கிறேன் என்று கேட்டால், நீதிமன்ற வராந்தாவில் பக்கத்தில் உட்காருகிறேன், டீ வாங்கித் தருகிறேன். வக்கீல் ஒருமுறை, "உண்மைய சொன்னா நீங்க வெளிய வந்துடலாம்மா" என்றார். "சொல்லிட்டனே சார்" என்றார் அக்கா. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

சென்ற வாய்தாவுக்கு மகன் வந்தான். தேதியை எங்கே, யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டானோ. வராந்தாத் தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். இளைத்திருந்தான், ஆனால் கண் தெளிவாக இருந்தது. துவைத்த சட்டை. வலது கையை மறைக்கவில்லை. அக்கா அவனைப் பார்த்துவிட்டு எழுந்திருக்கவில்லை, எழுந்திருக்க முடியவில்லை என்று நினைக்கிறேன். அவன் வந்து அவர் காலருகே தரையில் குந்தினான்.

"நான் உள்ள போயி சொல்லிடறம்மா. என்னுதுன்னு."

அக்கா அவன் வாயைப் பொத்தினார். இவ்வளவு பேர் நடக்கும் இடத்தில். "மூடு. போலீசு அன்னிக்கு கேட்டப்போ இன்னா சொன்ன?"

"அத்த நெனச்சுத்தாம்மா தூக்கமே வர்ல எனக்கு."

"அத்தயே சொல்லு. மாத்துனன்னா, நான் உயிரோட இருக்க மாட்டேன். என்னுது ஆச்சு, போச்சு. நீ உள்ள போனா உனக்கு யாருடா அங்க? எனக்கு வயசாய்டுச்சு, நான் எங்க இருந்தா இன்னா."

அவன் என்னைப் பார்த்தான். "நீங்களாவது சொல்லுங்கக்கா." எந்தப் பக்கம் சொல்வது? அவன் சொன்னால் அவனுக்கு மனம் ஆறும், ஆனால் அம்மா சிறைக்குப் போய் அவனைக் காப்பாற்றியது வீணாகும். சொல்லாவிட்டால் மகன் கொண்டுவந்த செடிக்கு ஒரு தாய் தண்டனை பெறுவாள். இரண்டுமே எனக்குத் தெரிந்தது. நான் அவன் தோளில் கையை வைத்தேன்.

உள்ளே பெயர் கூப்பிட்டார்கள். அக்கா போய்விட்டுச் சீக்கிரமே திரும்பினார். நீதிபதி விடுப்பு, இன்னொரு தேதி.

மூவரும் வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றோம். அக்கா பக்கத்துக் கடையில் வாழைப்பழம் வாங்கித் தோலை உரித்து அவன் கையில் கொடுத்தார். அவன் சின்னப் பிள்ளைபோல அங்கேயே நின்று தின்றான். அவர் அவன் சட்டைக் காலரைச் சரி செய்தார், நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினார். அந்தக் கையை எடுத்து, விரல் இல்லாத இடத்தைத் தடவியபடி, "எரியுதா?" என்று கேட்டார். "முன்ன மாரி இல்ல" என்றான். வேலைக்குப் போகிறானா, எங்கே தங்கியிருக்கிறான், யார் சமைத்துப் போடுகிறார்கள், இதில் எதையும் அவர் கேட்கவில்லை. அவனுடைய பேருந்து வந்தது. ஏறி, சன்னல் வழியாகத் தலையை நீட்டி, ஏதோ ஓர் ஊரின் பெயரைச் சொல்ல ஆரம்பித்தான். அக்கா சட்டென்று இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டார். பேருந்து கிளம்பிப் போகும்வரை கையை எடுக்கவில்லை.

"ஏங்க்கா, எங்க இருக்கான்னுகூட தெரிஞ்சுக்க வேண்டாமா உங்களுக்கு?" என்றேன்.

"ஸ்டேசன்ல கேப்பாங்கம்மா" என்றார், பேருந்து போன திசையைப் பார்த்தபடியே. "தெரிஞ்சா என் மூஞ்சே சொல்லிடும்."